சென்னகேசவன் நீலம்

கண்கட்டைப் பிரித்ததும் சென்னகேசவன் முதலில் பார்த்தது ஒரு சுவரை. சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க டாக்டர் நீலம் அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் ஹுமேரா திரும்பிச் சுவரைப் பார்த்தார். "வெள்ளைங்க சார்."

"வெள்ளையில கொஞ்சம் நீலம் கலந்திருப்பாங்க."

"இல்லீங்க. வெறும் வெள்ளை. பொங்கலுக்குத்தான் அடிச்சாங்க."

நிறத்தைப் பற்றி யாரிடமும் வாதாடிப் பழக்கமில்லாதவர் சென்னகேசவன். முப்பது வருடத்துக்கும் மேலாக சினிமா ஒளிப்பதிவாளர். படப்பிடிப்பில் அவர் வெள்ளை என்றால் வெள்ளை, சாம்பல் என்றால் சாம்பல். இயக்குநர்களே மறுத்துப் பேச மாட்டார்கள். அதனால் டாக்டர் சொன்னதை ஓர் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆன வலது கண்ணை மூடி, ஆகாத இடது கண்ணால் சுவரைப் பார்த்தார். சுவர் பாலாடை நிறத்தில் ஒழுங்காக இருந்தது. இடதை மூடி வலதைத் திறந்தார். நீலம். மறுபடியும் மாற்றினார். பாலாடை. மாற்றினார். நீலம்.

மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பங்காரம்மா, "ஏனுங்க, டாக்டரம்மாவைப் பார்த்துக் கண்ணடிச்சுட்டு இருக்காதீங்க," என்றாள்.

டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோட்டைமேட்டுக்காரர். நோயாளிக்கு விளக்கிச் சொல்வதில் சலிக்காதவர்.

"கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசாக ஆக மஞ்சளாகுமுங்க சார். உங்களுது மஞ்சளையும் தாண்டி டீ டிகாஷன் மாதிரி ஆயிருந்துச்சு. அதுக்குள்ள பூந்துதான் இத்தனை நாளா உங்களுக்கு வெளிச்சமே போயிட்டு இருந்துச்சு. நீலத்தையெல்லாம் அது வடிகட்டிப்போடும். இப்பப் புது லென்ஸ் வெச்சாச்சுங்க. அதனால உலகத்துல இருக்கிற நீலமெல்லாம் ஒரே நாள்ல தெரியுது. போகப் போகப் பழகிரும்."

"எத்தனை நாளா அப்படி இருந்திருக்குமுங்க?"

"மெதுவா வர்றதுங்க, சரியாச் சொல்ல முடியாது. உங்க கண்ணைப் பார்த்தா ஒரு பத்து வருஷத்துக்குக் குறையாதுங்க. அடுத்த மாசம் இடது கண்ணுக்கும் பண்ணிட்டா ரெண்டும் ஒண்ணு போல ஆயிருமுங்க."

சென்னகேசவன் சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சென்னைப் படவுலகில் 'சென்னகேசவன் நீலம்' என்று ஒன்று உண்டு. அதற்கும் ஏறக்குறைய அதே பத்து வயதுதான்.

அதற்கு முன்னால் அவர் பத்தோடு பதினொன்றாக இருந்தார். கதாநாயகியின் முகத்தைப் பளிச்சென்று காட்டுவார், பாட்டுக்குப் பனிமூட்டம் போடுவார், சொன்ன தேதிக்கு முடிப்பார். பிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பொள்ளாச்சித் தோப்பில் ஒரு பேய்ப்படம் எடுத்தார். அந்தப் படத்தில் தென்னை, கிணறு, கயிற்றுக்கட்டில், மனிதர்கள் எல்லாமே அதிகாலைக்கும் முந்தைய ஏதோ ஒரு வேளையில் நனைந்து கிடப்பதுபோல நீலமாக இருந்தன. பேயைவிட அந்த நீலம் பயமாக இருந்தது என்று எழுதினார்கள். அடுத்து ஒரு காதல் படம். அதுவும் நீலம். காதலில் இத்தனை துயரத்தை எவரும் பார்த்ததில்லை என்றார்கள். ஒரு விருதுக் குழு 'நீலத்தின் துணிவான பிரயோகம்' என்று சொல்லிக் கேடயம் கொடுத்தது. திரைப்படக் கல்லூரிகளில் கூப்பிட்டு, "அந்த நீலம் எப்படி சார்?" என்று கேட்டார்கள்.

அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்றே சென்னகேசவனுக்குப் புரிந்ததில்லை. ஏதோ உருவகமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வந்த இடத்தில் சும்மா இருக்கக் கூடாதே என்று, "வெளிச்சத்துக்குள்ள ஒரு துக்கம் இருக்கணுமுங்க," என்று ஒருமுறை சொல்லிவைத்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அது முதல் எங்கே போனாலும் அதையே சொன்னார். கூடவே, டிஜிட்டல் கேமராக்கள் எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகத்தான் காட்டுகின்றன, கவனமாக இருக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பங்காரம்மாதான் கார் ஓட்டினாள். போன வருடம் எதிரே வந்த லாரியின் விளக்கில் கண் கூசி, அவர் அவினாசி ரோட்டில் காரை நடுச்சுவர்மேல் ஏற்றியதிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அவள்தான்.

சிங்காநல்லூரில் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். சென்னகேசவன் இறங்கவில்லை.

"இது நம்ம ஊடா?"

"பொறகு யாரு ஊடுங்க?"

"இந்த நீலம் எப்ப அடிச்சது?"

"மாப்பிள்ளை வர்றப்ப அடிச்சமே. பெயிண்டுக் கடையில அட்டையை வாங்கி வெயில்ல வெச்சுப் பார்த்து நீங்கதானுங்க சொன்னீங்க."

"நான் வெள்ளைன்னு சொன்னேன்."

"ஆமாங்க, வெள்ளைன்னு சொல்லி இதைக் காட்டினீங்க. கடைக்காரரு என்னைப் பார்த்தாரு. நான் அவரைப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"நீங்க கேமராமேன். நமக்கென்னங்க தெரியும்னு உட்டுட்டேன்."

சென்னகேசவன் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்குச்சாவடி போடும் பள்ளிக்கூடங்களுக்குத்தான் இந்த நிறம் அடிப்பார்கள். அஞ்சாறு வருடமாக அதற்குள்தான் குடியிருந்திருக்கிறார்.

"இனிமே என்ன தெரியுதோ, வாயைத் திறந்து சொல்லிப்போடு அம்மணி," என்றார்.

"சொல்லலாமுங்களா?"

"சொல்லு."

"கண்ணாடியைக் கழட்டுங்க. கார்ல உக்காந்து பார்த்தா எதுத்த ஊட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? இறங்குங்க."

மூன்றாம் நாள், கண்ணில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, டி.வி.யில் தன் படங்களைப் போட்டுப் பார்த்தார். வலது கண்ணால் பார்த்தபோது பொள்ளாச்சித் தோப்பு குளத்துக்கு அடியில் கிடந்தது. கதாநாயகி மூழ்கிச் செத்தவள்போல் வந்து தாலி கட்டிக்கொண்டாள். இடது கண்ணால் பார்த்தபோது தோப்பு தோப்பாக இருந்தது. பெண் பெண்ணாக இருந்தாள். மேகமூட்டமான நாளின் சுத்தமான, இதமான வெளிச்சம். அவர் எடுக்க நினைத்தது அதைத்தான். எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். அந்த வெளிச்சத்தை உலகத்தில் அவரைத் தவிர ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

படத்தை நிறுத்திவிட்டு ரியாசுக்குப் போன் போட்டார்.

முகமது ரியாஸ் உக்கடத்துக்காரர். சென்னையில் கலரிஸ்ட். எடுத்து முடித்த படத்தை இருட்டறையில் பெரிய திரையில் போட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் நிறத்தைச் சரிசெய்து தருவது அவர் வேலை. சென்னகேசவனின் இந்தப் பத்து வருடப் படங்கள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போயிருக்கின்றன.

"ரியாசு, நம்ம படமெல்லாம் நீலமாவா இருக்குது?"

"சார், இது ஏதாச்சும் இன்டர்வியூங்களா?"

"இல்லப்பா. எனக்குக் கண்ணுல புரை இருந்திருக்குது. அதனாலதான் நீலம் நீலமாப் போட்டிருக்கோம். நீ ஏன் சொல்லலே?"

"சொன்னனுங்களே. மொதப் படத்துலயே 'சார், கொஞ்சம் நீலமாப் போகுதுங்களே'ன்னேன். 'அதெல்லாம் இல்லை, இன்னும் கொஞ்சம் மஞ்சளை எடு'ன்னீங்க. எடுத்தேன். 'இன்னும் எடு'ன்னீங்க. எடுக்க மஞ்சளே இல்லைங்கிற வரைக்கும் எடுத்தேன். அப்பத்தான் 'இப்ப இயற்கையா இருக்குது'ன்னீங்க."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"அப்புறம் அவார்டு வந்துருச்சுங்க."

சென்னகேசவன் போனை வைத்தார்.

பிரச்சினை பழைய படங்களில் இல்லை. அவை வந்துவிட்டன, பார்த்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புக்கொண்ட படம் ஒன்று இருந்தது. இயக்குநர் யஷ்வந்துக்கு அதுதான் முதல் படம். பவானிக்காரன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் நடக்கிற கதை. சென்னகேசவன்தான் வேண்டும் என்று ஒரு வருடம் காத்திருந்தவன். கண் எப்படியிருக்கிறது என்று விசாரிக்க ஆப்பிள் பையோடு வந்தான்.

"மஞ்சளை எல்லாரும் மஞ்சளாத்தான் சார் எடுப்பாங்க," என்றான் யஷ்வந்த். "மஞ்சள் மண்டி முழுசும் உங்க நீலத்துல இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சேன். அந்த ஒரு யோசனைக்காகத்தான் ஸ்கிரிப்டே எழுதினேனுங்க."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பையன் முகத்தைப் பார்த்தார் சென்னகேசவன். சொல்ல வாய் வரவில்லை. அவன் போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், இடது கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டும் என்றார்.

டாக்டர் ஹுமேராவுக்கு விளங்கவில்லை. "ஏனுங்க சார்? வலது கண்ணுல ஏதாச்சும் தொந்தரவுங்களா?"

"வலது கண்ணு நெம்ப நல்லாருக்குதுங்க. அதுதான் தொந்தரவு. எனக்கு இருக்கிற பேரெல்லாம் இடது கண்ணுலதாங்க இருக்குது."

"புரியலீங்களே."

"இதை ஊட்டுக்கு வெச்சுக்கறேன். அதை ஆபீசுக்கு வெச்சுக்கறேன்."

டாக்டர் பங்காரம்மாவைப் பார்த்தார். பங்காரம்மா, "நான் சொல்லிப் பார்த்துட்டேனுங்க," என்றாள்.

ஈரோட்டில் படப்பிடிப்பு தொடங்கியது. சென்னகேசவன் இரண்டு கண்ணையும் முறைவைத்து வேலை வாங்கினார். கூர்மையும் வெளிச்ச அளவும் பார்க்க வலது. நிறம் பார்க்க இடது. ஒரு ஷாட்டுக்கு முன்னால் வலதை மூடி இடதால் மானிட்டரைப் பார்ப்பார். பிறகு இடதை மூடி வலதால் பார்ப்பார். பிறகு தலையை ஆட்டுவார். நாலாம் நாள் கேமரா உதவியாளர்கள் இருவரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். லைட்மேன்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். முன்னெல்லாம் எவ்வளவு விளக்குப் போட்டாலும் "இருட்டா இருக்குது" என்பவர், இப்போது பாதி விளக்கைத் திருப்பி அனுப்பினார்.

மண்டிக் காட்சிக்கு பாலுசாமி என்பவரின் ஏலக் கிடங்கில் அனுமதி கிடைத்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதோரம் எப்போதும் கொஞ்சம் மஞ்சள் தூள். தன் மண்டி சினிமாவில் வருவதில் அவருக்குப் பெருமை. சொந்தக்காரர்களை எல்லாம் வரச்சொல்லி நாற்காலி போட்டிருந்தார். முதல் ஷாட் ஓடும்போது மானிட்டர் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதென்னங்க? சிமெண்டா?"

"மஞ்சளுங்க," என்றார் சென்னகேசவன்.

"எதுங்க மஞ்சளு?"

கேமரா நிறங்களை உள்ளபடியேதான் பதிவு செய்யும். ஆனால் படம் கடைசியில் எப்படி வருமோ அதை யஷ்வந்த் இப்போதே பார்க்க ஆசைப்பட்டதால், ரியாஸ் செய்து அனுப்பிய நீல அமைப்பை மானிட்டரில் ஏற்றியிருந்தார்கள். அதில் பாலுசாமியின் விரலி மஞ்சள் மழையில் நனைந்த ஜல்லிபோலக் குவிந்து கிடந்தது. யஷ்வந்த், "இது ஒரு 'மூடு'ங்க," என்று விளக்க முயன்றான்.

"என்ன மூடோ எனக்குத் தெரியாதுங்க தம்பி. என்ற மண்டிப் பேரு போர்டுல தெரியுது. கீழ மஞ்சளு கறுத்துக் கிடக்குது. இதை நாலு ஊருல போட்டுக் காமிச்சா, பாலுசாமி நனைஞ்ச சரக்கை வெச்சு விக்கறான்னுதான் சொல்லுவாங்க. நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். ஜெனரேட்டரையும் அணைத்தார்கள். கதாநாயகன் காரில் போய் ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டான். சொந்தக்காரர்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. இதுவும் படத்தில் வரும் என்று நினைத்திருப்பார்கள் போல.

யஷ்வந்த் பாலுசாமியிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வேலை இல்லாததால், சென்னகேசவன் கிடங்குக்குள் நடந்தார். மானிட்டர் இல்லை. ஷாட் இல்லை. எந்தக் கண்ணை மூட வேண்டும் என்ற கணக்கும் இல்லை. இரண்டையும் திறந்தபடி நடந்தார். சற்றுப் போனதும் தலை கிறுகிறுத்தது. இடது கண்ணைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

கூரையில் நடுநடுவே கண்ணாடி ஓடு பதித்திருந்தது. அதன் வழியாக வெயில் தூண் தூணாக இறங்கியது. தூசியே மஞ்சளாகப் பறக்கும் இடம் என்பதால் ஒவ்வொரு தூணும் மஞ்சளாக நின்றது. ஆனால் ஒரே மஞ்சள் இல்லை. தூணின் நடுவில் வெளிறி, ஓரத்தில் சிவந்து, தரையைத் தொடும் இடத்தில் ஆரஞ்சாகக் கொதித்தது. குவியலின் நிழல் பக்கம் அரக்கு. ஒரு வியாபாரி விரலி ஒன்றை எடுத்துச் சட்டென்று ஒடித்தான். உள்ளே இருந்த நிறத்துக்குச் சென்னகேசவனிடம் பேர் இல்லை. அந்த வியாபாரியின் சட்டை வெள்ளை. அதற்குப் பக்கத்தில் நின்றதால்தான் மஞ்சள் மஞ்சளாக இருந்தது. மஞ்சளுக்குப் பக்கத்தில் நின்றதால் வெள்ளை வெள்ளையாக இருந்தது. இதை அவர் திரைப்படக் கல்லூரியில் முதல் வருடம் படித்தார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினார்.

மஞ்சள் தூசியில் தும்மினார். ஆனாலும் நகரவில்லை. குவியல்களுக்கு நடுவே, ஒற்றைக் கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒரு பெரிய மனிதர் வெகுநேரம் நிற்பதைப் பார்த்த சுமைக்காரர் ஒருவர், தூள் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சென்னகேசவன் வாங்கிக் குடித்தார்.

மதியச் சாப்பாட்டின்போது யஷ்வந்திடம் சொன்னார். வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ரசம் வரும் வரையில், ஒன்று விடாமல் சொன்னார். யஷ்வந்த் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்தான்.

"சார், நான் சினிமாவுக்கு வந்ததே அந்த நீலத்தைப் பார்த்துத்தானுங்க."

"தெரியுமுங்க தம்பி."

"அது புரையா?"

"புரைதான்."

"எந்த ஷாட்டுலயுமே வேணும்னு செய்யலீங்களா?"

"ஷாட்டெல்லாம் வேணும்னுதான் வெச்சேன். நீலம் மட்டும் எனக்குத் தெரியாது."

யஷ்வந்த் கொஞ்ச நேரம் ரசத்தைப் பிசைந்தான். "என்ற குறும்படத்தை நானும் அதே நீலத்துலதான் எடுத்தேன். எனக்குப் புரை கிடையாதுங்களே."

"அப்படீன்னா அது உங்க சொந்த ஸ்டைலுங்க," என்றார் சென்னகேசவன். கிண்டலாகச் சொல்லவில்லை. யஷ்வந்துக்கு அழுகை வரும்போல இருந்தது. அவர் தன் இலையிலிருந்த வடையை அவன் இலையில் வைத்தார்.

"தயாரிப்பாளருக்குத் தெரிய வேண்டாமுங்க சார்," என்றான் கடைசியில்.

மானிட்டரிலிருந்து நீலத்தை எடுத்தார்கள். பாலுசாமி வந்து பார்த்து, "இது மஞ்சளு," என்று சான்று கொடுத்தார். மாலைக்குள் வேலை முடிந்தது. அதுவரைக்கும் சென்னகேசவன் இடது கண்ணைத் திறக்கவே இல்லை. உதவியாளர்கள் இருவரும் தங்கள் கண்களை என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினார்கள்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் டாக்டருக்குப் போன் செய்தார்.

"இடது கண்ணுக்கு எப்ப வரட்டுமுங்க?"

"ஆபீசுக்கு வேணும்னீங்களே சார்?"

"ஆபீசை மாத்திக்கறேனுங்க."

இடது கண்ணையும் முடித்துக்கொண்டு, நிறம் பார்க்கச் சென்னைக்குப் போனார். இருட்டறையில் ரியாஸ் முன்னால், சென்னகேசவனும் யஷ்வந்தும் பின்னால். ரியாஸ் பழக்கத்தில் மஞ்சளை எடுக்க ஆரம்பித்தார்.

"போதும்," என்றார் சென்னகேசவன்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க சார்."

யஷ்வந்த் நீலம் வேண்டும் என்றான். புரையாகவே இருந்தாலும் அழகு அழகுதான், தனக்கு அது பிடித்திருக்கிறது, அதில் தப்பில்லை என்றான். யோசித்துப் பார்த்தால் சென்னகேசவனுக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. "பண்ணிக்குங்க தம்பி. ரியாசு நல்லாப் பண்ணுவான். எனக்கு எங்க நிறுத்தறதுன்னு இனிமேல் தெரியாது. மண்டியை மட்டும் நான் பார்த்த மாதிரி ஒருதரம் போட்டுக் காட்டறேன், பாருங்க. பிடிக்கலைன்னா அதையும் நீலமாக்கிருங்க."

அதற்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. நடுவில் தூண் வெளிற வேண்டும், ஓரம் சிவக்க வேண்டும், சட்டை வெள்ளையாக நிற்க வேண்டும். ரியாசை அவர் படுத்திய பாட்டில், இதற்குப் புரையே தேவலை என்று ரியாஸ் நினைத்திருக்கக்கூடும். முடித்துத் திரையில் போட்டார்கள்.

யஷ்வந்த் பார்த்தான். "மஞ்சள் மாதிரியே இருக்குதுங்க சார்," என்றான், குறை சொல்லும் குரலில்.

"மஞ்சள்தானுங்க."

"இன்னொருதரம் போடுங்க."

இன்னொரு தரம் போட்டார்கள். மூன்றாவது தரமும் கேட்டான். அதற்குப் பிறகு மண்டிக் காட்சியை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

படம் வந்தது. பெரிய ஓட்டமும் இல்லை, விழவும் இல்லை. நீலமான படத்தின் நடுவே மண்டி மட்டும் மஞ்சளாக வருவது நாயகனின் ஆழ்மனம் விழித்தெழுவதைக் குறிக்கிறது என்று ஒருவர் எழுதினார். மண்டிக் காட்சிகளில் ஒளிப்பதிவாளர் கொஞ்சம் அசந்துவிட்டார் என்று இன்னொருவர் எழுதினார். சென்னகேசவன் இரண்டையும் கண்ணாடி போடாமலே படித்தார். பாலுசாமி போன் செய்து, தெரிந்தவர் மசாலாப் பொடி விளம்பரம் எடுக்கிறார், அனுப்பிவைக்கட்டுமா என்று கேட்டார். அனுப்பச் சொன்னார்.

காந்திபுரத்துத் தியேட்டர் ஒன்றுக்குப் பங்காரம்மாவைப் பகல் காட்சிக்குக் கூட்டிப்போனார். இத்தனை வருடத்தில் அவர் படங்களை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். முடிந்ததும் "நல்லாருக்குதுங்க" என்பாள். பேச்சு அதோடு முடியும். இப்போது சொல்லச் சொல்லி அவரே உத்தரவு கொடுத்திருந்ததால், படம் தொடங்கிய சற்று நேரத்தில் அவளும் தொடங்கினாள்.

"அந்தப் பையன் தலைக்கு மேல எதுக்குங்க இத்தனை இடம்? ஃபேன் மாட்டறாப்பல."

"அது அப்படித்தான்."

"பொண்ணு மூஞ்சி பாதி இருட்டா இருக்குதே. கரண்டு போச்சுங்களா?"

"கதை அப்படி."

மண்டிக் காட்சி வந்தபோது அவள் பேசவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தாள். சென்னகேசவன் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தில் விழுந்த மஞ்சளைப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருந்தது. காட்சி முடிந்ததும், "நெம்ப நல்லாருக்குதுங்க," என்றாள். "கொஞ்சம் நீளம்."

இடைவேளைக்குப் பின் கதாநாயகி அழும் காட்சி வந்தது. அப்பன் செத்த செய்தி கேட்டு ஜன்னலருகே நின்று அழுகிறாள். நீளமான, வெட்டில்லாத ஒரே ஷாட். எடுத்து முடித்ததும் படப்பிடிப்பில் கைதட்டினார்கள்.

"ஏனுங்க," என்றாள் பங்காரம்மா.

"சொல்லு."

"அந்தப் புள்ளை அப்படி அழுவுது. நீங்க எதுக்குங்க அவளுக்குப் பொறத்தால இருக்கிற ஜன்னலையே பார்த்துட்டு இருக்கறீங்க?"

சென்னகேசவன் திரையைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். ஃபிரேம் பெண்ணைப் பிடித்திருந்தாலும் வெளிச்சம், கூர்மை, அழகு எல்லாம் ஜன்னல் கம்பிமேல் இருந்தன. அன்று காலையில் அந்தக் கம்பியில் விழுந்த வெயிலைப் பார்த்து அவர் மயங்கிப் போனது நினைவுக்கு வந்தது. பெண் அழுததே நினைவில் இல்லை. இதற்குப் புரையைக் குறை சொல்ல முடியாது. அது வலது கண்ணால் எடுத்த ஷாட்.

வெளியே வந்து, டவுன் பஸ் இரைச்சலுக்கு நடுவே காரைத் தேடி நடந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஜன்னல்ல வெளிச்சம் நல்லாருந்துச்சு."

"நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றாள் பங்காரம்மா. "அதுக்காக?"

அவள் காரை எடுத்தாள். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு, "அடுத்த படம் எப்பங்க?" என்று கேட்டாள்.

"ஆடி கழிச்சு. கோபிப் பக்கம்."

"நானும் வாரேனுங்க."

சென்னகேசவன் மறுநாள் காலை புரொடக்‌ஷன் மேனேஜரைக் கூப்பிட்டு, தனக்குப் போடும் ரூமில் இன்னொரு கட்டில் போடச் சொன்னார். மானிட்டர் பக்கத்தில் நாற்காலியும் ஒன்று கூடுதலாக வேண்டும் என்றார். யாருக்கு என்று அவன் கேட்டான். "எழுதிக்கங்க, சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, பங்காரம்மாவுக்கு என்ன பதவி சொல்வதென்று அவர் யோசிக்க ஆரம்பித்தார்.